பால் இல்லாத பொங்கல்

என் மகள் புதிதாக யாரைப் பார்த்தாலும் பெயரைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவாள்: "எனக்குப் பால் ஆகாது, முட்டை ஆகாது, கடலை ஆகாது, முந்திரி ஆகாது. மீன் ஆகும். ஒங்க வீட்ல மீன் இருக்கா?"

ஆகாததை எல்லாம் சொல்லிக்கொடுத்தது நான். மீன் விஷயம் அவளாகச் சேர்த்துக்கொண்டது. பேச்சு வந்த நாளிலிருந்து இதை மனப்பாடம் செய்ய வைத்தேன். மற்ற பிள்ளைகள் நிலாப் பாட்டுப் படிக்கும்போது இவள் இதைப் படித்தாள். பால்வாடியில் சேர்க்கப் போனபோது டீச்சர், "ஒரு பாட்டுப் பாடு தங்கம்" என்றதற்கு இதையேதான் ராகம் போட்டுப் பாடினாள். டீச்சர் கை தட்டிவிட்டு, "மதியச் சாப்பாட்டுல முட்டை உண்டே, என்னம்மா பண்றது?" என்று என்னைப் பார்த்தார். அப்போதிருந்து டிபன் பாக்ஸ்தான்.

எங்கள் வீடு ஆதனக்கோட்டை போகிற ரோட்டுப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் முந்திரிக் காடு, எதிரில் கடலைக் கொல்லை. என் கணவர் ஓட்டுவது குட்டியானை லோடு வண்டி. அதில் ஏறுவது பாதி நாள் கடலை மூட்டை, மீதி நாள் முந்திரிக்கொட்டை மூட்டை. இந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குத்தான் இரண்டும் ஆகாது. "முந்திரிக் காட்டுல பொறந்துட்டு முந்திரி ஆகாதாம்ல" என்று ஊரே சிரித்தது. சாமிக்கு லொள்ளு ஜாஸ்தி என்று எனக்கும் அப்போது தோன்றியது. ஆனால் மற்றவர்கள் சிரித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

எப்படித் தெரிந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். அவள் தவழுகிற வயதில் ஒரு பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஒரு வாய் ஊட்டினேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. என் கணவர் லோடு இறக்காத வண்டியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு, திருச்சியில் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த டாக்டர் சின்னக் கையில் சொட்டுச் சொட்டாக மருந்தை வைத்துப் பார்த்து, நான்கு பெயரைச் சொன்னார். "வளர வளர சிலது சரியாகலாம். அதுவரைக்கும் ஒரு துளிகூடக் கூடாது. நீங்கதான் காவல்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கீரனூர் வரைக்கும் அழுதேன். கீரனூர் தாண்டியதும் பசித்தது. பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சரி, காவல்தானே, என் வாய்க்கு அது பொருத்தமான வேலைதான் என்று தேற்றிக்கொண்டேன்.

அந்த வாய்க்கு அதன் பிறகு ஓய்வே இல்லை. ஆளாளுக்கு ஒரு யோசனை வைத்திருந்தார்கள். "சூட்டு ஒடம்பு, வெளக்கெண்ணெய் தடவு" என்றார் ஒருவர். "கடைப் பால்தான் ஆகாது. எங்க மாட்டுப் பாலைக் குடுத்துப் பாரு, அது பச்சைப் புல்லுதான் திங்குது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நெய் எப்படிப் பாலாகும், அது எண்ணெய் இல்லையா என்று என்னோடு ஒரு மணி நேரம் வாதாடிய ஆள் உண்டு. "மோருல என்னம்மா இருக்கு, தண்ணிதானே" என்றார் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற சொந்தக்காரர். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது.

வீட்டு முன்னறையில் நான் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிறேன். ஆதார் திருத்த, பட்டா எடுக்க என்று சனங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எங்கள் பக்கத்துச் சனத்துக்குச் சின்னப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்கத் தெரியாது. மடியை அவிழ்த்துக் கடலை மிட்டாயை எடுத்து நீட்டிவிடுவார்கள். நான் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவேன். கடைசியில், "தயவுசெய்து பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். ஒரு பெரியவர் அதை எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்து, "நல்ல காரியம், கண்டதையும் குடுத்துக் கெடுக்குறாங்க" என்று என்னைப் பாராட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "எந்த எண்ணெய்ல சுட்டது?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எண்ணெயும் மாறியது. கடலை எண்ணெய் இல்லாத அடுப்பை எங்கள் மாவட்டத்தில் பார்ப்பது அபூர்வம். எங்கள் வீட்டில் அந்த டின் வெளியே போய் நல்லெண்ணெய் வந்தது, தேங்காயெண்ணெய் வந்தது. பால் பாக்கெட் நின்றது. பிள்ளை குடிக்காததை நாமும் குடிக்க வேண்டாம் என்று என் கணவர் பெருந்தன்மையாக அறிவித்தார். தேங்காய்ப்பால் ஊற்றி டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். மூன்றாம் நாள் கடைவீதி டீக்கடையில் மாஸ்டர் என்னைப் பார்த்து, "அண்ணன் இப்பத்தான் ரெண்டாவது டீ சாப்பிட்டுப் போறாரு" என்றார். அதற்கும் என் கணவர் பரிகாரம் வைத்திருந்தார். கடையை விட்டுக் கிளம்பும் முன் வாயை நன்றாகக் கொப்பளித்துக்கொள்வாராம். அந்தப் பரிகாரம் பிடித்துப் போனதால் மன்னித்தேன்.

மூட்டைத் தூசு சட்டையில் ஒட்டியிருக்கும் என்பதால் அவர் வண்டியை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குள் வர மாட்டார். வெளிக் குழாயடியிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுச் சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் வருவார். மகள் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்று, "குளிச்சாச்சா? காதுக்குப் பின்னாடி?" என்று அதட்டுவாள். "ஆச்சு மேடம்" என்பார். "முடி?" என்பாள். மறுபடி தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்கும். கதவு திறந்ததும் அவர் ஈரத் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டாள். நாளில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

இன்னொரு பிடித்த நேரம் மீன் வருகிற நேரம். கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு பாய் ஐஸ் பெட்டி கட்டின வண்டியில் வருவார். ஆரன் சத்தம் கேட்டதும் இவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். "என்னாத்தா, இன்னைக்கி நண்டு ஆகுமா?" என்று அவர் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்பார். "ஆகும்." "எறா?" "ஆகும்." "கடல்ல இருக்கிற அம்புட்டும் ஆகும்னா ஒன்னையக் கடல்காரனுக்குத்தான் கட்டிக் குடுக்கணும்" என்பார். நகரை மீன் வறுத்துக் கொடுத்தால் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைத்துச் சாப்பிடுவாள். அந்தத் தட்டைப் பார்த்தால் இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் தோன்றும்.

வீட்டுக்குள் குறையில்லை. வெளியே போனால்தான் வம்பு. கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோதல், எங்கே போனாலும் ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் ஊசி மருந்துப் பை. பந்தியில் எல்லாப் பிள்ளைகளும் இலைக்கு முன்னால் உட்காருவார்கள். இவளை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்து நான் ஊட்டுவேன். அடம் பிடித்ததில்லை. நான் அதைச் சமர்த்து என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு நாள் கடைக்குப் பின்னால் பொம்மைகளை வைத்துக் கல்யாண வீடு விளையாடிக்கொண்டிருந்தாள். பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முந்திரி இலையைப் போட்டு மண்ணைப் பரிமாறினாள். உபசாரப் பேச்சு, கவனிப்பு எல்லாம் பெரிய வீட்டுப் பந்தி மாதிரியே இருந்தது. பிறகு அவள் தள்ளிப் போய்ச் சுவரோரம் காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ ஏன்டி அங்கிட்டு உக்காந்திருக்க? வரிசையில உக்காரு."

"எனக்கு எலை கெடையாதும்மா" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

அன்றைக்கே முடிவு கட்டினேன், இந்தப் பிள்ளை ஒரு பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து எல்லோரும் தின்பதைத் தின்ன வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி குலசாமி கோயில் வழியாக வந்தது. என் கணவர் வகையறாவின் சாமி அரிமளத்துக்கு அந்தாண்டை, ரோட்டோரமாக ஒரு ஆலமரத்தடியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பங்காளிகள் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி ஒரே பானையில் விழ வேண்டும். பொங்கியதும் சாமிக்குப் படைத்துவிட்டு எல்லோரும் அந்த ஒரு பானையில் இருந்துதான் சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் போனால் வகையறாவிலிருந்தே விலகினதற்குச் சமம் என்பார்கள். பால், நெய், முந்திரி மூன்றும் விழுகிற பானை என்பதால், பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்ததிலிருந்து நான் ஏதாவது சாக்குச் சொல்லி அவளோடு வீட்டில் தங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த வருஷம் பொங்கல் வைக்கிற முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. பானையும் சாமானும் எங்கள் பொறுப்பு.

கோயிலில் பூசை வைப்பது என் கணவரின் பெரியப்பா. எனக்குப் பெரிய மாமா. கறார்ப் பேர்வழி. அவரிடம் போய், "மாமா, இந்த வருசம் பால் ஊத்தாமப் பொங்க வைக்கலாமா? நெய்யும் வேணாம், முந்திரியும் வேணாம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, பால் ஊத்தாம எப்படிப் பொங்கும்? பொங்காத பானையைச் சாமி முன்னாடி வச்சு என்னன்னு சொல்லச் சொல்ற?"

"நம்ம புள்ளை சாப்பிடணும் மாமா."

"அது சரி. பொங்கணும்ல."

"பொங்கிக் காட்டுறேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

"அப்பக் காட்டு. பொங்குனா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மூன்று தேங்காயைத் துருவிப் பால் எடுத்துப் பானையில் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். பொங்குவதாவது! திரிந்து திப்பித் திப்பியாகி, மேலே எண்ணெய் மிதந்தது. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தலைக்குத் தேச்சுக்கலாம்" என்றார். கரண்டியை ஓங்கினேன், ஓடிவிட்டார். மறுநாள் தண்ணீர் கலந்து பார்த்தேன், அதுவும் திரிந்தது. வாய்ச்சவடால் விட்டு மாட்டிக்கொண்டோமே என்று எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடு மதியச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டுக் கடையில் ஒருவருக்குப் பட்டா எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே புஸ்ஸென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கிடக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து தினமும் என் அடுப்பை நாசம் பண்ணுவதும், நான் தினமும் திட்டித் தீர்ப்பதும் இந்தக் கஞ்சியைத்தானே! அடுப்படியிலேயே நின்று சிரித்தேன். பட்டாக்காரர், "என்னம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டார்.

அரிசியைக் கையால் நன்றாகக் கசக்கிக் களைந்தால் வருகிற கெட்டித் தண்ணீரை மண்பானையில் ஊற்றிக் கொதிக்க வைத்தேன். நுரைத்து ஏறி, பானை விளிம்பைத் தாண்டி, நான்கு பக்கமும் வழிந்தது. வீடியோ எடுத்துப் பெரிய மாமாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். தேங்காய்ப்பாலைக் கடைசியில் இறக்கி வைத்த பிறகு ஊற்றிக் கிளறினால் திரியவில்லை என்பதையும் எழுதினேன். அவருக்கு டைப் அடிக்க வராது. குரல் அனுப்பினார். "பாத்தேன்மா. பொங்குது. வச்சுரு" என்றார். அந்தக் குரலை மகளுக்குப் பலமுறை போட்டுக் காட்டினேன்.

வகையறா குரூப்பில் எல்லோருக்கும் தகவல் போட்டோம். இந்த வருஷம் பால், நெய், முந்திரி, கடலை எதுவும் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டாம். எல்லோரும் சரி என்றார்கள். குன்றாண்டார்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் நாத்தனார், என் கணவருக்கு அக்கா, வரிசையாக இதயம் இதயமாகப் போட்டிருந்தார். என் மகள் மேல் உசிரையே வைத்திருப்பவர். இந்தப் பிள்ளைக்காக வேண்டாத சாமி இல்லை அவர்.

அந்த நாள் வந்தது. மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டேன். வேனில் போகும் வழியெல்லாம், "எனக்கு எலை போடுவாங்களாம்மா? முழு எலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். முழு இலை என்றேன். ஊசி மருந்துப் பை என் தோளில் இருந்தது. டிபன் பாக்ஸும் இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று. அதை வேன் சீட்டுக்குக் கீழே அவள் கண்ணில் படாமல் வைத்தேன்.

ஆலமரத்தடியில் கல் அடுப்புக் கூட்டிப் புதுப்பானையை ஏற்றினோம். வீட்டுக்கு ஒருவராக வந்து ஒரு பிடி அரிசி போட்டார்கள். என் மகளும் தன் சின்னக் கையால் போட்டாள், பாதி கீழே சிந்தியது. அரிசி களைந்த தண்ணீர் நுரைத்து ஏறி வழிந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள். பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று குதித்தார்கள். பெரிய மாமா பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். வெல்லம், ஏலக்காய், தேங்காய்ப்பால் எல்லாம் நானே நின்று போட்டேன். பூசை முடிந்தது. சமுக்காளத்தை விரித்து இலை போட்டார்கள்.

மகள் தன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முறைக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் முதல் இலை அவளுக்கு. என் கணவர் வாளியோடு குனிந்து கரண்டியை எடுத்தார்.

"தம்பி, வைக்காதே. எலையில வைக்காதே."

குரல் வரிசைக் கடைசியிலிருந்து வந்தது. நாத்தனார் எழுந்து நின்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது. இடுப்புச் சேலைச் சொருகலில் இருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார்.

"நான் ஒரு சொட்டுப் பால் விட்டுட்டேன்டா" என்றார். "குலவை போடயில, யாரும் பாக்காம. பால் இல்லாமப் பொங்க வச்சுட்டமேன்னு சாமி புள்ளை மேல கோவிச்சுக்கிருமோன்னு பயந்துட்டேன். ஒரு சொட்டுதான். புள்ளைக்கு ஒண்ணும் வந்துரக்கூடாதுன்னுதான்..."

கரண்டிக்கும் இலைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. "உசுரு போயிருக்கும் அண்ணி" என்றேன். ஊரையே அதட்டுகிற வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. அவர் அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்தார். உதறினேன். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் வாயைத் திறந்து சொல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்ததும் அந்தக் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

அப்போது என் மகள் எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பரவால்லம்மா. டிபன் பாக்ஸ் வேன்ல சீட்டுக்கு அடியில இருக்கு. நான் போய் எடுத்துட்டு வாரேன்" என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. எனக்கு மட்டும் இல்லை.

"ஒக்காரு ஆத்தா" என்றார் பெரிய மாமா. சத்தமாகச் சொல்லவில்லை. "ஒன்னைய யாரு எந்திரிக்கச் சொன்னா? சாமி சாப்பிட்டாச்சு, அதுல ஒரு கொறையும் இல்ல. இனிமே நீ சாப்பிடாம இங்க ஒருத்தரும் சாப்பிடப் போறதில்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னொரு பானை கொண்டாந்திருப்பியே?" என்றார்.

கொண்டுவந்திருந்தேன். மண்பானை விரிசல் விட்டால் அபசகுனம் என்று எப்போதும் இரண்டாக வாங்குவதுதான் வழக்கம்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மதியச் சோற்றுக்கு வைத்திருந்த அரிசி மூட்டையை அவிழ்த்து, மறுபடி வீட்டுக்கு ஒருவராக வந்து ஒரு பிடி அள்ளிப் போட்டார்கள். தேங்காய்க்கு என்ன செய்வது? அர்ச்சனைக்கு உடைத்த மூடி எல்லாம் இருந்ததே. ஆம்பளைகளைத் துருவச் சொன்னேன். பேங்கில் வேலை பார்க்கிற கொழுந்தனார் ஒருவர், வாழ்நாளில் தேங்காய்த் துருவியைத் தொட்டதில்லை, விரலைச் சீவிக்கொண்டு வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "நல்ல நாளும் அதுவுமா ரத்தப் பலி குடுத்துட்டான்" என்று கேலி பண்ணினார்கள்.

முதல் பானைப் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. எங்களில் யாரும் சாப்பிடுவதாக இல்லை, வீணாக்கவும் கூடாது. என் கணவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். திருமயத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தினார். "என்னங்க, எத்தனை டிக்கெட்?" என்று கண்டக்டர் கேட்டார். "டிக்கெட் இல்லைங்க, பொங்கல். எல்லாரும் எறங்கிச் சாப்பிட்டுப் போங்க" என்றார். டிரைவர் ஆலமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டினார். பஸ் மொத்தமும் இலைத்துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்று சாப்பிட்டது. "நெய் போடலைபோல" என்று ஒரு அம்மா குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை வாங்கினார். பசித்த வயிற்றோடு சமுக்காளத்தில் உட்கார்ந்து எங்கள் சனம் அதை வேடிக்கை பார்த்தது.

நாத்தனார் மரத்துக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். அடுப்பை மூட்டிவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தேன். கோபம் முழுதாகப் போயிருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொல்லியது அவர்தானே. பேசாமல் இருந்திருக்கலாம், பயத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் இருப்பார்கள்.

"அண்ணி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து அரிசியைக் களைங்க" என்றேன்.

ஒரு கணம் நம்பாமல் பார்த்தார். பிறகு தண்ணீர் டிரம்முக்கு ஓடினார். முழங்கை வரைக்கும் சோப்பைத் தேய்த்தார், கழுவினார், மறுபடி தேய்த்தார். "போதும் அண்ணி, தோலு உரிஞ்சிரும்" என்றேன். அழுகையும் சிரிப்புமாக வந்து உட்கார்ந்து, அந்த அரிசியை அவர் கசக்கின கசக்கில் தண்ணீர் பால் நிறத்துக்கு வந்துவிட்டது. பானை முதல் தடவையைவிட வேகமாகப் பொங்கியது. ஒரு பக்க அடுப்பே அணைந்துவிட்டது. மற்றவர்கள் குலவை போட்டார்கள்.

திரும்பவும் இலை துடைத்தார்கள். வெயில் மரத்துக்கு மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. என் கணவர் வாளியையும் கரண்டியையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து முதல் இலையில் பொங்கலை வைத்தார், ஆவி பறந்தது. எல்லோர் இலையிலும் வைத்து முடித்தார்கள். ஒருவரும் கையை வைக்கவில்லை. அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். நான் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றேன்.

அவள் ஒரு வாய் எடுத்து ஊதி ஊதிச் சாப்பிட்டாள்.

"எப்படிடி இருக்கு?" என்றார் அவள் அப்பா.

"இனிப்பா இருக்கு" என்றாள். எல்லோரும் அதற்காகவே காத்திருந்தது போலச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அவள் பக்கத்துப் பிள்ளையின் இலையைப் பார்த்தாள், தன் இலையைப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றுதான் இருந்தது. இன்னொரு வாய் சாப்பிட்டாள். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ ஒரு ஆட்டுக்குட்டி பந்திக்குள் நுழைந்து ஒரு இலையின் ஓரத்தைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் கூட்டமாக எழுந்து துரத்தினார்கள்.

இவளும் எழுந்தாள். "போதும்மா" என்றாள்.

முக்கால் இலைப் பொங்கல் அப்படியே கிடந்தது. அத்தனை பேர் பட்டினி கிடந்து, ஒரு பஸ்ஸை நிறுத்தி, இரண்டாம் தடவை அடுப்பு மூட்டிச் செய்த பொங்கல்.

"அடியே, சாப்பிட்டு முடிச்சுட்டுப் போடி, எலையில இவ்வளவு கெடக்கு" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற பிள்ளைகளோடு ஆட்டுக்குட்டி பின்னால் போய்விட்டாள். பெரிய மாமாதான் முதலில் சிரித்தார். பிறகு பந்தி முழுக்கச் சிரித்தது.

கத்தி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எத்தனையோ பந்திகளில் மற்ற அம்மாக்கள் இதைக் கத்தக் கேட்டிருக்கிறேன். நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

மருந்துப் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். நாத்தனார் எனக்கு ஒரு புது இலையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வேணாம் அண்ணி" என்றேன். "இந்த எலையிலயே இன்னுங் கொஞ்சம் வைங்க."